சிவப்புப் பிடி

பையின் ஜிப் உப்பில் இறுகிக் கிடந்தது. மூத்தவர் அதை இடுக்கியால் பிடித்துப் பல் பல்லாக நகர்த்திக்கொண்டிருந்தார். பட்டறைக் கதவை உள்ளே தாழிட்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக் கூடம். நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தமும், துக்கம் கேட்க வந்தவர்களின் அடங்கிய பேச்சும் சுவரைத் தாண்டி வந்தன.

"பையைத் திறக்க வேண்டாம், நாலு மணிக்கு வந்து எடுத்துக்கறோம்" என்று கடலோரப் பாதுகாப்பு அதிகாரி காலையில் போனில் சொல்லியிருந்தார். மூத்தவர் சரி என்றார். ஒருவருக்குச் சரி என்று சொல்லிவிட்டு அதை மீறுவது அறுபத்திரண்டு வயதுவரை அவர் செய்யாத காரியம். இன்று செய்தார்.

பைக்குள் இருந்தது தம்பியின் பட்டம். நேற்று மாலை அவனைத் தூக்கிக்கொண்டு போய் அலைத்தடுப்புப் பாறைமேல் அடித்த பட்டம். பன்னிரண்டு சதுர மீட்டர் துணி, அதன் நெற்றியில் காற்றடைத்த தடித்த குழாய், நான்கு நூல், பிடித்துக்கொள்ள ஒரு கைக்கம்பு. காலில் பலகையும் இடுப்பில் பட்டையுமாக, இந்தப் பட்டம் இழுக்கிற இழுப்பில் கடல்மேல் சறுக்குவதற்குத் தம்பி இருபத்தாறு வருடமாக ஆட்களைப் பழக்கினான். அண்ணன் கரையில் பட்டறை போட்டுக் கிழிந்ததைத் தைத்தார், ஓட்டையானதை ஒட்டினார், தேய்ந்ததை மாற்றினார். இந்தக் கடற்கரையில் அவர்கள் வீட்டுப் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. அதை உண்டாக்கியது தம்பியின் கால், காப்பாற்றியது தன் கை என்பது மூத்தவரின் எண்ணம்.

அந்த மரியாதையை இன்று காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கை பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதுபடவே ஒருவர் சொன்னார்: "சிவப்பைத் தள்ளியிருந்தா உயிரு நின்னிருக்கும். இவ்வளவு பழகின ஆளு, கடைசி நேரத்துல வீம்பு பிடிச்சிருக்காரு."

சிவப்பு என்பது இடுப்புக் கொக்கிக்கு மேலே இருக்கும் சிவப்புப் பிடி. பட்டம் கைமீறிப் போனால் அதை முன்னால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். கைக்கம்பு ஆளைவிட்டுக் கழன்று, தன் நடுத்துளை வழியாகப் போகும் ஒரே ஒரு கயிற்றின் மேல் சரசரவென்று ஓடிப்போகும். பட்டம் காற்றை இழந்து ஈரத் துணிபோலத் தண்ணீரில் விழும். புதிதாகப் பழக வருகிறவனுக்கு முதல் நாள் முதல் பாடம் அதுதான். முதலில் சிவப்பு, மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனால் இதே பட்டறை வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "நம்ம வீட்டாளு சிவப்பைத் தள்ளினதா இதுவரைக்கும் சரித்திரம் கிடையாது" என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தவர் மூத்தவர்தான். அப்போது எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். இன்று அதையே சாட்சியாக வைத்துப் பேசினார்கள்.

அவருக்கு வேறொரு பயமும் இருந்தது. இடுப்பிலிருந்து போகும் காப்புக் கயிற்றைச் சிலர் வேண்டுமென்றே தப்பான வளையத்தில் மாட்டுவார்கள். அந்தரத்தில் வித்தை காட்டும்போது பட்டம் கையைவிட்டுப் போகாமல் இருக்க அது ஒரு குறுக்கு வழி. அப்படி மாட்டினால் சிவப்பைத் தள்ளியும் பயனில்லை. தம்பி சின்ன வயதில் அதைச் செய்து அவரிடம் அறை வாங்கியிருக்கிறான். நேற்றும் செய்திருந்தால், அதிகாரி வருவதற்குள் அந்தக் கொக்கியைச் சரியான வளையத்துக்கு மாற்றிவிடுவது என்று தீர்மானித்துத்தான் பையை உள்ளே தூக்கி வந்திருந்தார். செத்தவன்மேல் பழி விழக்கூடாது. அவ்வளவுதான்.

ஜிப் திறந்தது. உப்பும் ரப்பரும் கலந்த வாடை எழுந்தது.

துணியை நீள மேசையில் விரித்தார். இரண்டு இடத்தில் கிழிசல். பாறை கிழித்தது. கிழிசல் அவர் போட்ட தையல் வரைக்கும் வந்து அங்கே நின்றிருந்தது. தையல் ஓர் இழைகூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நேரத்திலும் அவர் விரல் ஒருமுறை அந்தத் தையல்மேல் ஓடியது. பிறகு அதற்காக வெட்கப்பட்டு விரலை எடுத்துக்கொண்டார்.

காப்புக் கயிற்றைத் தேடி எடுத்தார். கொக்கி சரியான வளையத்தில் இருந்தது.

மூச்சை விட்டார். அடுத்தது சிவப்புப் பிடி. அதைத் திருப்பிப் பார்த்தார்.

தள்ளியிருந்தது. முழுக்க, கடைசிவரை. ஊசி வெளியே வந்து வாய் திறந்து கிடந்தது. பாறையில் மோதி இப்படித் திறக்காது. கையால் தள்ளினால்தான் திறக்கும். நாற்பத்தொன்பது வயது ஆள், காற்று தூக்கின முதல் நொடியிலேயே, பழகவந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே ஒழுங்கோடு தள்ளியிருக்கிறான்.

"தள்ளியிருக்கான்" என்று வாய்விட்டுச் சொன்னார். எழுந்து கதவைத் திறந்து கூடத்தில் போய்ச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஓர் அடி வைத்தும்விட்டார். அப்போதுதான் கைக்கம்பு கண்ணில் பட்டது.

பிடி திறந்தபின் கைக்கம்பு கயிற்றின் மேல் ஓடி எட்டாத தூரம் போயிருக்க வேண்டும். அது நான்கு சாண்கூடப் போகவில்லை. கம்பின் நடுத்துளையில் கயிறு இறுகி நின்றிருந்தது. கம்பைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. முழங்காலில் அண்டக் கொடுத்து இரண்டு கையாலும் தள்ளினார். ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி நின்றது. ஈரத்தில் கயிறு பருத்து, மேலே பஞ்சு கிளம்பி, அந்தப் பஞ்சில் மணல் ஏறியிருந்தது.

கயிற்றின் முனையில் மஞ்சள் நூலால் மூன்று சுற்று. அது அவருடைய அடையாளம். அவர் மாற்றிக்கொடுக்கிற எந்தக் கயிறும் அந்த மூன்று சுற்று இல்லாமல் பட்டறையை விட்டுப் போகாது.

கம்பெனியிலிருந்து வருகிற கயிறு மெல்லியது. துளையில் உரசி உரசி ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும். அது அவருக்கு அவமானமாகப் பட்டது. பணம் கொடுத்து வாங்கினவன் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நிற்கிற பொருள் என்ன பொருள் என்று பேசினார். தடித்த கயிறு ஒன்றைத் தேடிப்பிடித்து, மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டு, பத்து நாள் சோதித்து, பிறகுதான் போட்டார். மூன்று பருவம் தாங்கியது. ஆட்கள் சொல்லிச் சொல்லி வந்து மாற்றிக்கொண்டார்கள். துளையில் ஓடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்ப்பார். ஓடியது. பட்டறையில், காய்ந்த கயிறாக, காய்ந்த கையால் இழுத்துப் பார்த்தார்.

நாலைந்து மாதத்துக்கு முன் தம்பி ஒருநாள் சோப்புத் தண்ணீர் வாளியில் குழாயை அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, நனைஞ்சதும் அந்தக் கயிறு கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"கயிறு பிடிக்கல. உனக்கு வயசாகுது, கை பிடிக்குது."

தம்பி சிரித்தான். அதற்குமேல் பேசவில்லை. அண்ணன் போட்ட கயிற்றை அவிழ்த்துவிட்டு வேறு போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள், அண்ணனுக்குக் குறைவு என்று நினைத்திருப்பான். அப்படி நினைக்கிறவன்தான்.

மூத்தவர் நின்றபடியே இருந்தார். கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். சுவரில் கம்பெனிக் கயிறு சுருளாகத் தொங்கியது. எட்டி எடுத்தார். எடுத்தது தன் கைதானா என்பதுபோல ஒருகணம் பார்த்தார். தடித்ததை உருவிவிட்டு இதைக் கோர்க்கப் பத்து நிமிடம் போதும். சிவப்புப் பிடியையும் மறுபடி பூட்டிவிட்டால் போதும். அதிகாரி வந்து பார்ப்பார், எழுதுவார்: ஓட்டினவர் தள்ளத் தவறினார். வீம்பு பிடித்த ஆள் என்று நாலு நாள் பேசுவார்கள், பிறகு மறப்பார்கள். செத்தவனை அதற்குமேல் என்ன செய்துவிட முடியும். பட்டறை இருக்கும். வீட்டுப் பெயர் இருக்கும். தம்பி பெண்டாட்டியும் மகள் பாப்பாவும் சாப்பிட வேண்டியது இந்தப் பட்டறையிலிருந்துதானே.

அவர்களுக்காகத்தான் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு, கயிற்றை மேசையில் வைத்துச் சாணால் அளந்தார். ஆறு சாண் அளந்தபோது கதவு தட்டப்பட்டது.

"மாமா. நான்தான்."

தம்பி மனைவி. அவர் கயிற்றின்மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டார். தாழ்ப்பாளை நீக்கினார். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்றிலிருந்து மாற்றாத புடவை. கண் காய்ந்திருந்தது. பட்டறையின் போனை எடுப்பதும், யாருக்கு எப்போது வகுப்பு என்று எழுதிவைப்பதும் இருபது வருடமாக அவள்தான். பலகையில் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனால் எந்த வளையம் எதற்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

மேசையைப் பார்த்தாள். விரித்த துணியில் அவள் கண் நிற்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவர் தள்ளினாரா?"

மூத்தவர் கயிற்றை மூடிய துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"உள்ள எல்லாரும் தள்ளலைன்னு பேசறாங்க. எனக்குத் தெரியணும் மாமா. ஏன்னா..." அவள் நிறுத்தி மறுபடி தொடங்கினாள். "நம்ம வீட்டாளு தள்ளமாட்டான்னு நீங்க சொல்லிட்டே இருப்பீங்க. அந்தப் பேச்சுக்காக அவர் தள்ளாம இருந்திருந்தா, நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன். பாப்பாவக் கூட்டிட்டு எங்கயாவது போயிடுவேன். கோபத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்றேன்."

இருபத்துநாலு வருடத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்து இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"தள்ளியிருக்கான்மா" என்றார்.

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "காட்டுங்க."

சிவப்புப் பிடியை எடுத்துக் காட்டினார். திறந்து கிடந்த வாயை அவள் பெருவிரலால் தொட்டாள். வெகுநேரம் தொட்டபடியே இருந்தாள்.

"அப்புறம் ஏன் மாமா?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சுவரில் சுருள் தொங்கின ஆணி வெறுமையாக இருந்தது. அவள் பார்வை அங்கே போனதா, மேசையில் மூடியிருந்த துணிக்குப் போனதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டவளாகச் சொன்னாள்: "பாப்பா கிட்ட சொல்லணும். காலையிலேர்ந்து வாய் திறக்கல அது. மூணு மணிக்கு எல்லாரும் தண்ணியில இறங்குறாங்க, அவ அப்பாவுக்காக. ஏழெட்டுப் பட்டத்தை ஒண்ணா வட்டமா நிறுத்தப்போறாங்களாம். வேண்டாம்னேன். கேக்கல. அவர் பழைய பட்டத்தை எடுத்துட்டுப் போயிருக்கா."

மூத்தவர் நிமிர்ந்தார். "எந்தக் கம்பு எடுத்துட்டுப் போனா?"

"அதான், போன மாசம் நீங்க கயிறு மாத்திக் கொடுத்தீங்களே, அது."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது. ஜன்னல் சட்டம் காற்றில் கடகடத்தது. நேற்று மாலை அடித்த அதே காற்று.

"போன் பண்ணு."

"போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டா."

"மொட்டைக்குப் பண்ணு." மொட்டை தம்பியின் கடல் கூட்டாளி.

"எடுக்கல. தண்ணிக்குப் போறவன் எவன் போனைக் கையில வெச்சிருப்பான்? என்ன மாமா? என்ன ஆச்சு?"

அவர் துணியை விலக்கினார். இறுகி நின்ற கம்பையும், மஞ்சள் நூல் மூன்று சுற்றையும், அளந்து வைத்திருந்த புதுக் கயிற்றையும் அவள் பார்த்தாள். எதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"தள்ளினான்மா. சரியான நேரத்துல தள்ளினான். என் கயிறு ஓடல."

கூடத்தில் ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. யாரோ அதட்டினார்கள். அவள் போய்க் கதவை மறித்து நின்றாள். அவள் கை ஓங்கியிருந்தால் அவர் முகத்தைத் திருப்பியிருக்க மாட்டார். அவள் கதவை விட்டு விலகினாள்.

"போங்க" என்றாள். "ஓடுங்க."

வாசற்படியில் திரும்பி, "அதிகாரி வந்தா இப்படியே கொடு. எதையும் தொடாத, துடைக்காத" என்றார். புதுக் கயிற்றையும் மேசையிலேயே விட்டுவிட்டார்.

கடற்கரைக்கு எட்டு நிமிட நடை. மூத்தவர் தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை. கஞ்சிபோட்ட சட்டையும் நிமிர்ந்த முதுகுமாக அவர் நடந்து போனால் வழியில் நிற்பவர்கள் ஒதுங்குவார்கள். இன்று செருப்பு ஒன்று கழன்று போக, அதைத் திரும்பிப் பாராமல் ஓடினார். கொடிக்கம்பத்தில் காற்றின் திசை பார்க்கக் கட்டியிருந்த துணிப்பை விறைத்து நின்றது. கரைக்குச் சாய்வாக அடிக்கும் காற்று. தூரத்தில் கடலின்மேல் ஒரு கருமேகம். அதன் அடியில் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. தம்பியாக இருந்தால் இந்த நிறத்தைப் பார்த்ததும் எல்லோரையும் கரைக்கு விரட்டியிருப்பான்.

மணலில் ஐந்து பட்டங்கள் கவிழ்ந்து கிடந்தன. இரண்டு ஏற்கெனவே மேலே. ஒன்று மொட்டையுடையது. மற்றது நீலம், தம்பியின் பழைய பட்டம். பாப்பா இடுப்பளவு தண்ணீரில் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தினார். குரலைக் காற்று பின்னால் கொண்டுபோனது. தண்ணீருக்குள் இறங்கினார். வேட்டி காலைச் சுற்றியது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். பலகை நுரையைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது.

தலைமேல் உள்ளங்கையால் தட்டுவது இறங்கிவிடு என்பதற்கான சைகை. தண்ணீரில் பழகிய எல்லோருக்கும் அது ஒன்றே. மூத்தவர் கழுத்தளவு அலையில் நின்று இரண்டு கையாலும் தலையில் தட்டினார். விடாமல் தட்டினார். கரையில் நின்ற சிலர் பெரியவர் துக்கம் தாங்காமல் அடித்துக்கொள்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் போய்க்கொண்டே இருந்தாள். மேகத்தின் அடியில் இருந்த கருப்பு அவளை நோக்கி வந்தது. முதல் வேகம் அடித்தபோது நீலப் பட்டம் ஒரு குலுங்கு குலுங்கியது. அவள் பலகையோடு ஓர் ஆள் உயரம் எழும்பி, விழுந்து, மறுபடி நின்றாள். பலகையைத் திருப்பும்போது அவள் கரையைப் பார்த்தாள்.

திரும்பி வந்தாள். குதிகாலை ஆழ அழுத்தி, பட்டத்தை ஓரமாகத் தாழ வைத்து, துளி அவசரமும் இல்லாமல் வந்தாள். அவள் அப்பன் வருவதும் அப்படித்தான். கரையில் நின்ற ஒருவன் பட்டத்தின் ஓரத்தைப் பிடித்து மணலில் கவிழ்த்து, பறக்காமலிருக்க மேலே மணலை அள்ளிப் போட்டான். மொட்டையும் இறங்கினான்.

"என்ன பெரியப்பா? அம்மாவுக்கு ஏதாவதா?"

அலையிலிருந்து கரையேறியவர் மூச்சு வாங்க இருமினார். எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். அவர் போட்ட கயிறு இல்லாத கம்பு அங்கே ஒன்றுகூட இல்லை.

"யாரும் இறங்கக்கூடாது" என்றார். "அவன் தள்ளினான். சிவப்பைத் தள்ளினான். நான் மாத்திப் போட்ட கயிறு நனைஞ்சதும் துளையில இறுகிக்குது. கம்பு ஓடல. உங்க எல்லார்கிட்டயும் இருக்கறது அதே கயிறுதான்."

தம்பியோடு இருபது வருடம் கடலில் சுற்றிய மொட்டைதான் மெதுவாகச் சொன்னான்: "அப்படி இருக்காதுண்ணே. நீங்க மனசு உடைஞ்சு பேசறீங்க. எனக்கு ரெண்டு வருஷமா ஓடுதே இது."

"என்னிக்காவது தண்ணியில தள்ளிப் பாத்திருக்கியா?"

மொட்டை யோசித்தான். தள்ளினதே இல்லை. இந்தக் கரையில் சிவப்பைத் தள்ளுவது ஒரு தலைகுனிவு என்று ஆகிப்போயிருந்தது. அது எப்படி ஆகிப்போனது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

அவன் பட்டத்தைக் கழற்றிவிட்டு, ஈரக் கயிற்றைக் கொடிக்கம்பத்தில் மாட்டி, சிவப்பைத் தள்ளி, கம்பை இழுத்தான். மூன்று சாண் ஓடி நின்றது. இன்னொருவன் வந்து கூட இழுத்தான். நின்றதுதான்.

"ரெண்டு வருஷம்" என்றான் மொட்டை. கம்பை மணலில் போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாப்பா அசையாமல் இருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்பா தள்ளினாரா?"

"தள்ளினான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"கயிறும்?"

"அதுவும்."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கம்பைக் கொண்டுவந்து கொடிக்கம்பத்தின் அடியில் வைத்தார்கள். அவரைப் பார்க்காமல் வைத்தார்கள். ஒருவன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மொட்டை அவன் தோளைத் தொட்டு நகர்த்தினான்.

மேகத்தின் காற்று கரைக்கு வந்துவிட்டது. நீலப் பட்டத்தின் ஒரு முனை மணலைவிட்டு எழுந்தது. அள்ளிப்போட்ட மணல் சரிய, பட்டம் புரளப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர் மூத்தவர்தான். பட்டத்தின் மேல் கால்கூடப் படக்கூடாது என்று ஊரையே அதட்டுகிறவர், காற்றடைத்த அந்தத் தடித்த குழாயின்மேல் போய் உட்கார்ந்தார். அது அவரைச் சற்றே தூக்கிக் காட்டி, பிறகு அடங்கியது.

பாப்பா மறுமுனையில் மண்டியிட்டு மூடியைத் திருகினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அவள் நிமிரவில்லை. அவர் எழவில்லை. குழாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்திருந்தவர் அதோடு சேர்ந்து மெல்ல இறங்கி, கடைசியில் ஈர மணலில் உட்கார்ந்திருந்தார்.